படித்துக் காட்டாத ஒரு வரி

போன மாதம் எங்கள் வட்டாரத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த கிராம சுகாதார செவிலியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்று வீட்டில் கிடக்கிற என்னையும் கூப்பிட்டு, கழுத்தில் ஒரு துண்டைப் போட்டு, கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். "மேடம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்ல வருஷா வருஷம் முதல் இடம்" என்று அறிமுகம் வேறு. ஒரு சின்னப் பெண் எழுந்து, "நாங்க வூடு வூடா போயி கேட்டாலும் பொம்பளைங்க பயந்துக்கறாங்க மேடம். நீங்க எப்படிங்க பேசி ஒத்துக்க வெச்சீங்க?" என்று கேட்டாள். நான் நாலு வேடிக்கைக் கதை சொன்னேன். சிரித்தார்கள், கைதட்டினார்கள், தக்காளி சாதம் கொடுத்து அனுப்பினார்கள். காரிமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான், அந்தப் பெண்ணுக்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது உறைத்தது. வீட்டில் நான் ஒருத்திதான். சொல்ல ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. விடுதிச் சோறு, பொம்மையை வைத்துப் பிரசவம் பார்க்கப் பழகுவது, பரீட்சை, வேலை. அப்பா சீக்கிரமே போய்விட்டதால் இரண்டு தங்கைகளின் கல்யாணமும் என் சம்பளத்தில் நடந்தது. என் கல்யாணம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கொஞ்ச காலத்தில் எனக்கே மறந்துவிட்டது. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் துணை சுகாதார நிலையத்தைக் கொடுத்தார்கள். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. முன்னறையில் வேலை, பின்னறையில் குடித்தனம். சுற்றியுள்ள ஐந்து ஊர்களின் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், கல்யாணமான தம்பதிகள் எல்லோரும் என் பதிவேடுகளுக்குள் இருந்தார்கள். எந்த வீட்டில் யாருக்கு எத்தனை நாள் தள்ளியிருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும். எனக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது.

ஆபரேஷன் என்றதும் பெண்கள் சொல்லும் பயங்கள் எனக்கு மனப்பாடம். "உடம்பு ஊதிப்பூடுமாங்க." "தீட்டு நின்னுபோயி கெட்ட ரத்தம் தலைக்கு ஏறிக்குமாம்." "கர்ப்பப்பையையே அறுத்து எடுத்துடுவாங்களாமே." "தண்ணிக்கொடம் தூக்கக் கூடாதாம், அப்புறம் எங்கூட்டுக்கு எவ வந்து தண்ணி சேந்தி ஊத்துவா?" ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஆண்களுக்குச் செய்வது இதைவிடச் சின்ன வேலை, கத்திகூடப் பெரிதாகப் படாது என்று சொன்னால், "ஐயோ, அவரு பாரம் தூக்கறவருங்க, அவரு உடம்புல கை வெச்சா பலம் பூடும்" என்று பதறுவார்கள். "அப்ப நீ வெடிஞ்சதுலேர்ந்து தூக்கறது என்ன, பஞ்சா?" என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்துவிட்டுத் தாங்களே ஆஸ்பத்திரி ஜீப்பில் ஏறிக்கொள்வார்கள். என் சர்வீஸ் முழுக்க நான் அழைத்துப்போன ஆண்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

சில கிழவிகள் மட்டும் மடக்குவார்கள். "நீ பெத்தவளா, உனக்கென்ன தெரியும்?" என்பார்கள். "வயித்துவலி வந்த டாக்டரு மட்டுந்தான் வயித்துவலிக்கு மாத்திரை எழுதறாரா ஆத்தா?" என்று நானும் விட்டுக்கொடுக்காமல் சொல்வேன். வாய் அடித்து ஜெயித்துவிட்டு, சாயங்காலம் பின்னறைக்கு வந்து ஒருத்திக்கு மட்டும் அரிசி களைந்து வைப்பேன். அந்த வேலை எனக்குக் கடைசிவரை பிடிக்கவே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது. பேச்சு முடியும்போது, கையை உதறிக்காட்டி அதைச் சொல்வேன். "பண்ணிக்கிட்டியின்னா, அப்புறம் சாமியே நெனச்சாலும் உனக்கு வயிறு நிக்காது." அந்த வாக்கியத்தில்தான் முக்கால்வாசிப் பேர் விழுந்தார்கள். பிள்ளை போதும் போதும் என்று ஆன பெண்ணுக்கு வேறு என்ன வேண்டும்?

சம்மதப் படிவத்தில் இதற்கு நேர்மாறாக ஒரு வரி இருந்தது. எவ்வளவு சரியாகச் செய்தாலும் மிக அரிதாக இந்த ஆபரேஷன் பலிக்காமல் போகலாம், மாதவிலக்கு தள்ளினால் உடனே வந்து சொல்லவேண்டும் என்பது அதன் சாரம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வரியையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சத்தமாகப் படித்துக்காட்டினேன். ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஒருத்தி, "அப்ப எதுக்கு அறுத்துக்கணும்?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அவள் பின்னால் மற்ற மூன்று பேரும் இறங்கிவிட்டார்கள். காலி ஜீப்போடு ஆஸ்பத்திரிக்குப் போய் நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அதற்குப் பிறகு அந்த வரி வரும்போது என் கண் தானாகவே கீழே இறங்கிவிடும். "இங்க கை நாட்டு வைம்மா" என்று இடத்தைக் காட்டுவேன். அரிதாக என்றுதானே போட்டிருக்கிறது, நம் ஐந்து ஊரிலா வந்து விடியப்போகிறது என்று நினைத்தேன்.

ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். குரலை உயர்த்தாதவர். காலையில் ஆரம்பித்தால், கடைசிப் பெண் எழுந்து உட்காரும்வரை டீகூடக் குடிக்கமாட்டார். பெண்கள் முந்தின ராத்திரியிலிருந்து சாப்பிடாமல், குளித்து, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, மணிக்கட்டில் பெயர் எழுதிய பிளாஸ்திரியோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தியேட்டர் வாசலில் டாக்டரம்மா என்னிடம் மூன்று கேள்வி கேட்பார். "மூத்திரம் பார்த்தாச்சா? ரத்தம் பார்த்தாச்சா? படிவத்தை முழுசாப் படிச்சுக் காட்டினியா?" மூன்றுக்கும் "ஆச்சுங்க மேடம்" என்பேன். மேஜையில் படுத்ததும் அடிவயிற்றில் மரத்துப்போகிற ஊசி போடும்போது, "உன் புள்ளைங்க பேரெல்லாம் சொல்லு" என்பார். அந்தப் பெண் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஊசி இறங்கிவிடும். இரண்டு விரல் அகலத்துக்குச் சின்னக் கீறல். அதற்குள்ளிருந்து கருக்குழாயை மெல்ல வெளியே இழுப்பார். பக்கத்திலேயே அதைப் போலவே ஒரு நாண் உண்டு, அவசரக்காரர்கள் ஏமாந்துவிடுவார்கள். அவர் குழாயின் நுனியில் குஞ்சம் தெரியும்வரை தடவிக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டுத்தான் மடக்கிக் கட்டுவார், கட்டியதற்கு மேலே ஒரு துண்டை நறுக்குவார். "இடது, ஆச்சு." நான் எழுதுவேன். "வலது, ஆச்சு." எழுதுவேன். அவர் கையில் தப்பு நடந்து நான் பார்த்ததில்லை.

மாதம்மாவுக்கும் அவர்தான் செய்தார். மாதம்மா என் நிலையத்துக்கு நாலு வீடு தள்ளி இருந்தவள். புருஷன் கோவிந்தன் பெங்களூரில் கட்டட வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவான். ஒரு பெண், ஒரு பையன். மாமியார்தான் ஆபரேஷன் வேண்டாமென்று நின்றார். நான் மூன்று தடவை நடந்து, கையை உதறி, என் வாக்கியத்தைச் சொல்லி, அந்த அம்மாவையே சிரிக்க வைத்துவிட்டேன். மேஜையில் மாதம்மா, "ரேவதி, முருகேசன்" என்று இரண்டு பெயரையும் சொன்னாள். "இடது, ஆச்சு. வலது, ஆச்சு" என்று நான் எழுதினேன்.

ஒன்பது மாதம் கழித்து ஒரு புதன்கிழமை வந்தாள். புதன் தடுப்பூசி நாள். பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. கூட்டத்தை விலக்கி என் காதருகே குனிந்து, "ரெண்டு மாசமா தலைக்குத் தண்ணி ஊத்தலைங்க" என்றாள். எங்கள் பக்கம் தீட்டு வரவில்லை என்பதை அப்படித்தான் சொல்வார்கள். நான் ஐஸ் பெட்டிக்குள் மருந்துக் குப்பியைத் தேடிக்கொண்டிருந்தேன். "ரத்தம் கம்மிடி உனக்கு. ஆபரேஷன் ஆனவங்களுக்கு முன்ன பின்ன தள்ளும்" என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை இரண்டு அட்டையை எடுத்து நீட்டினேன். "வேற ஒண்ணும் இருக்காதுங்களா?" என்று கேட்டாள். "வேற என்ன இருக்கும்?" என்றேன். மூத்திரம் இரண்டு சொட்டு விட்டுக் கர்ப்பம் பார்க்கும் அட்டை பின்னால் அலமாரியிலேயே இருந்தது. ஐந்து நிமிஷ வேலை. வேலை மும்முரத்தில் செய்யவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லி, என் வாக்கியத்தை முதலில் நம்பியவள் நான்தான். ஆபரேஷன் ஆனவளுக்குப் போய் அந்த அட்டையைப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

மூன்று மாதம் கழித்து அவளுடைய மாமியார் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். படுக்க வைத்து வயிற்றில் கை வைத்தேன். தொப்புள்வரை வந்திருந்தது. என் உள்ளங்கைக்குக் கீழே குழந்தை ஒரு தடவை உதைத்தது.

"நீதானம்மா சொன்ன, சாமியே நெனச்சாலும் நிக்காதுன்னு?" என்று மாமியார் கேட்டார். "அப்ப இது எந்தச் சாமி குடுத்தது? எம்மவன் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்துட்டு பெங்களூருல கெடக்கறான். நீயே சொல்லு."

மாதம்மா மேஜையில் படுத்தபடியே என்னைப் பார்த்தாள். அப்போது நான் சொல்லியிருக்கவேண்டும். இது நடக்கும், அரிதாக நடக்கும், படிவத்திலேயே எழுதியிருக்கிறது, இவள் பேரில் ஒரு குற்றமும் இல்லை என்று நாலு வார்த்தை. "டாக்டரம்மாவைக் கேட்டுட்டு வந்து சொல்றனுங்க" என்றேன். அந்தப் பதிலைக் கேட்டு மாமியார் தலையை ஆட்டினார். அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. மறுநாள் காலை பஸ்ஸில் மாதம்மாவை மாரண்டஹள்ளிப் பக்கம் அவள் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டையும் இங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா தியேட்டர் நோட்டை எடுத்து, என் கையெழுத்தில் இருந்த வரியை விரல் வைத்துப் பார்த்தார். "சரியாத்தான் பண்ணியிருக்கேன். இருந்தும் சில பேருக்குக் குழாய் மறுபடி சேர்ந்துக்கும். அதனாலதான் ஃபார்ம்ல போட்டிருக்கு. ரெண்டு மாசத்துல வந்திருந்தா கலைக்கறதா வெச்சுக்கறதான்னு அந்தம்மா இஷ்டப்படி பண்ணியிருக்கலாம். இப்ப நாள் தாண்டிடுச்சு. தள்ளிப்போனா உடனே வரணும்னு படிச்சுக் காட்டினேல்ல?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. நோட்டை மூடிவிட்டு, ஒரு தாளில் ஆபரேஷன் தவறுவதற்கு வாய்ப்பு உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து தியேட்டர் வாசலில் என்னிடம் இரண்டு கேள்விதான் கேட்டார். படிவத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெண்ணின் பக்கத்திலும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவரே படிக்க ஆரம்பித்தார்.

அந்தத் தாள் மூன்று வாரம் என் கைப்பையில் இருந்தது. நாலு வீடு தள்ளித்தான் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். தினமும் காலையில் இன்றைக்குக் கொடுத்துவிடவேண்டும் என்று கிளம்புவேன். அந்த வீடு நெருங்கியதும் எதிர்ச் சந்தில் திரும்பிவிடுவேன். ஊருக்குத் தெரிந்தால் இனி ஒரு பெண்ணும் என்னை நம்பி வரமாட்டாள் என்ற பயம். மேலதிகாரிகள் கேள்வி கேட்பார்களே என்ற பயம். குழாயடியில் பெண்கள் மாதம்மாவைப் பற்றிப் பேசுவது என் காதில் விழும். அவள் கூலிக்குப் போன இடத்து மேஸ்திரி, கடைக்காரப் பையன் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். ஆபரேஷன் பலித்திருந்தால் எவனாலும் நிற்காதே என்று ஒருத்தியும் யோசிக்கவில்லை. நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடந்து போவேன்.

கடைசியில் கோவிந்தன்தான் வந்தான். பெங்களூர் பஸ்ஸிலிருந்து நேராக என் வாசலில் வந்து நின்றான். சட்டையில் சிமென்ட் அப்படியே இருந்தது.

"நர்ஸம்மா, ஒரே ஒரு பேச்சு கேட்டுட்டுப் போறேன். ஆபரேஷன் ஆனவளுக்கு நிக்குமாங்க, நிக்காதுங்களா?"

"நிக்கும்" என்றேன்.

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "நெசமாத்தானுங்க?"

"நெசமாத்தான். எப்பவாவது ஒருத்திக்கு அப்படி ஆவும். மாதம்மா மேல ஒரு தப்பும் இல்லப்பா."

"எங்கம்மா வேற பொண்ணு பாக்கறேன்னு சொல்லுது. எனக்கு அவளைத் தெரியுங்க. ஆனா ஊரே சொல்றப்ப நான் ஒருத்தன் என்னாங்க பண்ணுவேன்?" என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை எங்கம்மாகிட்ட வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டான்.

படிவத்தின் நகலையும் டாக்டரம்மாவின் தாளையும் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனேன். மாமியார் வாசலில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் குடத்தோடு நின்றுவிட்டார்கள். நான் மாதம்மாவின் கைநாட்டுக்கு மேலே இருந்த அந்த வரியைப் படித்தேன். பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அதை வாய்விட்டுப் படிக்கிறேன்.

"அப்ப இதை ஏன் அன்னிக்கே சொல்லலை?" என்றார் மாமியார்.

"சொன்னா வரமாட்டீங்கன்னு சொல்லலீங்க."

"அவ ரெண்டு மாசத்துல வந்து கேட்டாளாமே, மாத்திரை குடுத்து அனுப்புனியாமே?"

"ஆமாங்க. பரிசோதிச்சுப் பாத்திருக்கணும். பாக்கலை. அதுவும் என் தப்புதானுங்க."

 பிறகு குடத்தை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி, "அப்படின்னா எனக்கும் நிக்குமா நர்ஸம்மா?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "எனக்கும் இவதான் கூட்டிக்கிட்டுப் போனா" என்றாள். அதுவரை அந்த ஊரில் என்னை யாரும் அவ இவ என்று சொன்னதில்லை. மாமியார் கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து, மகனிடம் "போயி கூட்டிக்கிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

மாதம்மா வந்து ஒரு வாரம் ஆனதும் போய்ப் பார்த்தேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்துப் போனவள், பழக்கதோஷத்தில் "கால் வீக்கம் இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. கோபமாகவும் பேசவில்லை.

"மாத்திரை குடுத்து அனுப்புனீங்களே, அதுக்குக்கூட எனக்கு வருத்தமில்லீங்க. கூட்டத்துல தெரியாம பண்ணிட்டீங்க. எங்கூட்டுக்காரருக்கே சந்தேகம். எங்கம்மா, பெத்தவ, அது தெனமும் ராவும் பகலும், 'யாருன்னு சொல்லிடு கண்ணு, நான் பாத்துக்கறேன்'னு கேட்டுச்சுங்க. நான் தப்பு பண்ணலைன்னு இந்த ஒலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான். இன்னொண்ணு நீங்க. நான் சொன்னா யாரும் நம்பலை. நீங்க சொல்லவே இல்லை."

 ஊரையே பேசி மடக்கியவள் அந்த அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தேன். அவள் திரும்பிச் சோற்றைக் கிளற ஆரம்பித்ததும் வெளியே வந்துவிட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. அதே ஆஸ்பத்திரி. மறுபடி ஆபரேஷன் செய்யும் முன்பு டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து படிவத்தைப் படித்தபோது, "தெரியுங்க, முழுசாத் தெரியும்" என்றாளாம். அதன் பிறகு நானும் அந்த வரியைத் தாண்டியதில்லை. சத்தமாகப் படித்தேன், இரண்டு தடவை படித்தேன். சிலர் எழுந்து போனார்கள், சிலர் யோசித்துவிட்டு வந்தார்கள். என் கணக்கு சரிந்தது, விளக்கம் கேட்டு ஓலை வந்தது. முதல் இடமெல்லாம் அதற்கு முந்தின கதை. பயிற்சியில் கேட்ட பெண்ணே, நான் எப்படி ஒத்துக்க வைத்தேன் என்று கேட்டாயே, இப்படித்தான் வைத்தேன்.

தடுப்பூசி போட மாதம்மா என் நிலையத்துக்கு வரவில்லை. பக்கத்து ஊர் நர்ஸிடம் போனாள். அந்த ஊருக்கு அப்போது பஸ் கிடையாது. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் நடக்கவேண்டும். என் வாசலைத் தாண்டித்தான் வழி. ஊசி மேல் அவளுக்கு நம்பிக்கை இருந்தது, ஒரு தவணைகூடத் தவறவிடவில்லை. என் பதிவேட்டில் அந்தக் குழந்தையின் பெயருக்கு நேரே எல்லாக் கட்டத்திலும், மாதக் கூட்டத்தில் அந்த நர்ஸ் போட்டுத் தந்த கையெழுத்துதான் இருக்கிறது. அவள் போகிற புதன்கிழமைகளில் நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே வந்து நிற்பேன். குழந்தை அவள் தோளில் கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டே போகும். அவள் பார்த்ததில்லை.